படகை இறக்கிவிட்டார்கள், கடலுக்குப் போக விடமாட்டேன்

"இந்த நிலம் தே தெய்ராவுக்கும் அவர் ஆட்களுக்கும் சொந்தமா?"

"ஆமாம், அவர்களுடையதுதான். ஆனால் விற்க விடமாட்டேன்."

"அவர்களுடையதை அவர்கள் விற்கிறார்கள், நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?"

"நிலத்தைக் கலைக்க எனக்கு விருப்பமில்லை. அவர்கள் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள், சரி, ஆனால் அது கடலுக்குப் போக விடமாட்டேன்."

1859 நவம்பர் கடைசியில் நியூசிலாந்தின் தாரானாக்கி பகுதியில் நடந்த பேச்சு இது. கேள்வி கேட்டவர் ராபர்ட் பாரிஸ், அரசுக்காக நிலம் வாங்கும் அதிகாரி. பதில் சொன்னவர் விரேமு கிங்கி தே ரங்கிதாக்கே, தே ஆத்தி அவா என்ற மாவோரி குலத்தின் தலைவர், அப்போது அறுபதைத் தாண்டியவர். நான் மேலே எழுதியிருப்பது ஆங்கிலக் குறிப்பிலிருந்து என் தமிழில். மாவோரியில் பேசியதை ஆங்கிலத்தில் குறித்து வைத்தவரும் அதே பாரிஸ்தான், அதாவது எதிர்த் தரப்பு ஆள், அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

அதே தாரானாக்கியில் இருக்கும் பரிஹாக்கா என்ற மாவோரி ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். 1881ல் 1,600 பேர் கொண்ட படை ஊருக்குள் நுழைந்தபோது பாட்டுப் பாடிக்கொண்டு எதிரே வந்த குழந்தைகள், ரொட்டி சுட்டு வைத்திருந்த பெண்கள், தே வித்தி என்ற தலைவர், எல்லாம் ஓரளவு எல்லோரும் கேள்விப்பட்ட கதை. ஆனால் அதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் வைத்தாரா என்ற ஒரு ஆற்றங்கரையில் போய் முட்டிக்கொள்கிறது. அங்கே இந்தப் பெரியவர் நிற்கிறார். அதனால் பரிஹாக்கா இன்னொரு நாளைக்கு.

"ஆமாம், அவர்களுடையதுதான்" என்ற அந்த ஒற்றை வரியை அரசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பார்த்தீர்களா, அவரே ஒத்துக்கொண்டுவிட்டார், நிலத்தில் அவருக்கு உரிமை இல்லை, வெறும் அடாவடி. மூன்றரை மாதத்தில் பீரங்கி வெடித்தது. அடுத்த வரியில் இருந்த படகை யாரும் கண்டுகொள்ளவில்லை.

சரி, யார் இந்த ஆள்?

1795 வாக்கில் வைத்தாரா ஆற்றின் மேல் இருந்த மானுக்கோரிஹி என்ற பாவில் பிறந்தவர் என்கிறார்கள். பா என்றால் மரவேலியும் அகழியும் உள்ள அரண் ஊர். 1820களில் வடக்கே இருந்த வைக்காட்டோ குலங்களோடு சண்டை, துப்பாக்கி புதிதாக வந்திருந்த காலம், யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் கை ஓங்கும். தே ஆத்தி அவா மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போனார்கள், கிங்கியும் தந்தையோடு போய் காப்பிட்டி கடற்கரையில் வைக்கனாயில் குடியேறினார். அங்கேதான் கிறித்தவரானார். விரேமு என்றால் வில்லியம், கிங்கி என்றால் கிங். பிரிட்டிஷ் ராஜாவின் பேரையே ஞானஸ்நானப் பேராக வாங்கிக்கொண்ட மனிதரைத்தான் பிற்பாடு ராணிக்கு எதிரான கலகக்காரர் என்று சொன்னார்கள்.

பேர் மட்டும் இல்லை. 1846ல் தெற்கே தே ரங்கிஹாயாட்டா என்ற தலைவர் ஆங்கிலேயரோடு மோதியபோது கிங்கி நின்றது அரசு பக்கம். குடியேறிகளை அவர் வெறுத்ததாக எங்கேயும் காணோம். பாக்கேஹா, அதாவது வெள்ளைக்காரர்கள், வரட்டும், வியாபாரம் பண்ணலாம், வைத்தாராவை மட்டும் கேட்காதே என்பதுதான் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அவர் சொன்னது.

நிலத் தகராறு அவர் ஊரில் இல்லாத காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1839-40ல் நியூசிலாந்து கம்பெனி என்ற குடியேற்ற வியாபாரக் கம்பெனி அவசர அவசரமாக வந்து, பெரும்பாலானவர்கள் தெற்கே போயிருந்ததால் ஊரில் மிச்சமிருந்த கொஞ்சம் பேரிடம் கையெழுத்து வாங்கி, பரந்த நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டதாகச் சொன்னது. 1841ல் நியூ பிளிமத் என்று ஊர் வைத்துக் கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1844ல் ஸ்பெயின் என்ற பெயருள்ள விசாரணை ஆணையர் (ஆம், அதுதான் அவர் பேர்) கம்பெனிக்கு 60,000 ஏக்கர் கொடுக்கலாம் என்று தீர்ப்பு சொன்னார். ஊரை விட்டுப் போனவர்களுக்கு உரிமை இல்லை என்பது அவர் கணக்கு.

அந்தத் தீர்ப்பைத் தள்ளியவர் கவர்னர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை பீகிள் கப்பலில் உலகம் சுற்றிக் கூட்டிப்போனாரே, அதே கேப்டன். வெளியே போயிருப்பவர்களுக்கும் உரிமை உண்டு என்று அவருக்குப் புரிந்தது. நியூ பிளிமத்தைச் சுற்றி 3,500 ஏக்கரை மட்டும் 350 பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார். குடியேறிகள் கொதித்துப் போனார்கள். 60,000 எங்கே, 3,500 எங்கே! அடுத்த ஆண்டே அவரை லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது, அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

1848ல் கிங்கி ஊர் திரும்பினார். ஏறக்குறைய 600 பேர், ஆண் பெண் குழந்தை எல்லாம், படகுகளில் கடற்கரையோரமாக வடக்கே. அடுத்த கவர்னர் ஜார்ஜ் கிரே தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. வந்தவர்கள் ஆற்றின் தென்கரையில் வீடு கட்டினார்கள். அப்புறம் பத்து வருடம் நல்ல விவசாயம். கோதுமை, குதிரை, மாடு, ஏர், வண்டி, எல்லாம் இருந்தது. விளைந்ததை நியூ பிளிமத்துக்கே கொண்டுபோய் விற்றார்கள். வெள்ளைக்கார விவசாயி இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பான் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. தன்னுடையது காடு வெட்ட வேண்டிய மேட்டு நிலம், பக்கத்தில் இருப்பது ஆற்றங்கரை வண்டல், போதாக்குறைக்கு நியூ பிளிமத்துக்கு ஒழுங்கான துறைமுகம் கிடையாது, திறந்த கடலில் கப்பலை நிறுத்திப் படகில் சாமான் இறக்க வேண்டும். வைத்தாராவிலோ ஆற்று முகத்துவாரம் இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

மாவோரிகளிடம் நிலம் என்பது நம் பாஷையில் சொன்னால் தனிப் பட்டா இல்லை, கூட்டுப் பட்டாவும் இல்லை. கூட்டுப் பட்டாவில் ஆளுக்கு எத்தனை சென்ட் என்று கடைசியில் பிரித்துவிடலாம். அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டில் பயிர் வைக்கும் உரிமை இருக்கும், இன்னொருவருக்கு அதே இடத்தில் விலாங்கு பிடிக்கும் உரிமை, வேறொருவரின் பாட்டன் அங்கே புதைக்கப்பட்டிருப்பார். இத்தனையையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பது ஹாப்பூ என்ற உறவுக் கூட்டம். வெளியாள் ஒருவரை உள்ளே விடலாமா, நிலத்தைக் கூட்டத்தின் கையிலிருந்து ஒரேயடியாக வெளியே விடலாமா என்பது கூட்டத்தின் முடிவு, அந்த முடிவை வாய் திறந்து சொல்பவர் ரங்கத்திரா, தலைவர். தலைவருக்கு அந்தத் துண்டில் ஒரு பிடி மண் கூட சொந்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இப்போது "ஆமாம், அவர்களுடையதுதான், ஆனால் விற்க விடமாட்டேன்" என்பதைத் திரும்பப் படியுங்கள். முரண்பாடே கிடையாது. பயிர் அவர்களுடையது, கதவு எல்லோருடையது.

பாகம் பிரியாத சொத்தில் ஒரு பங்காளி மட்டும் போய் பத்திரம் எழுதினால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். வைத்தாராவில் வாங்குபவரே அரசு. மாவோரி நிலத்தை வாங்கும் உரிமை ராணியின் அரசுக்கு மட்டும்தான் என்று 1840 வைத்தாங்கி ஒப்பந்தம் சொன்னது. ஆக, வில்லங்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவரும் அவர், பத்திரம் எழுதுபவரும் அவர், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்பவரும் அவர்.

ஒரு ஆள் தனியாக விற்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ரத்த சாட்சியும் இருந்தது. 1854ல் அதே வட்டாரத்தில் ராவிரி வையாவா என்பவர் அரசுக்கு விற்கப் போகும் நிலத்தின் எல்லையை வெட்டப் போனபோது, விற்கக் கூடாது என்ற தரப்பைச் சேர்ந்த காட்டாட்டோரே சுட்டுக் கொன்றார். அதிலிருந்து சில வருடம் மாவோரிகளுக்குள்ளேயே பழிக்குப் பழி. அரசுக்கு இது தெரியாமல் இல்லை.

இருந்தும் 1859 மார்ச் 8ஆம் தேதி நியூ பிளிமத்தில் கவர்னர் தாமஸ் கோர் பிரவுன் கூட்டம் போட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, உரிமை தகராறில் இருக்கும் நிலத்தை வாங்கமாட்டேன். இரண்டு, நிலத்தில் பங்கு இல்லாத எவரும் விற்பனையில் குறுக்கே வர விடமாட்டேன். முதல் வாக்கியத்தைக் கேட்டால் நல்ல மனிதர் போலத் தெரிகிறது. வலை இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. ரங்கத்திராவின் அதிகாரம் என்ற ஒன்றே அதில் இல்லை, பங்கு உண்டா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

உடனே தே தெய்ரா எழுந்தார். கிங்கிக்குக் கீழ்நிலையில் இருந்த தலைவர், அவரோடு மனத்தாங்கல் உள்ளவர். பெக்கப்பெக்கா என்ற துண்டு நிலத்தை விற்கிறேன் என்று சொல்லி, உள்ளூர்ச் செடியின் நாரில் நெய்த உயர்ந்த விரிப்பு ஒன்றைக் கவர்னரின் காலடியில் வைத்தார். 600 ஏக்கர் என்று பேச்சு. பெக்கப்பெக்கா என்றால் அவர்கள் மொழியில் வௌவால். கவர்னர் விரிப்பை ஏற்றுக்கொண்டார். மாவோரி வழக்கத்தில் அது கைகொடுத்ததற்குச் சமம்.

கிங்கி எழுந்து பேசியது சில வரிகள்தான். கவர்னரே கேளுங்கள், தெய்ரா விற்கிறேன் என்றாலும் நான் விடமாட்டேன், வைத்தாரா என் கையில் இருக்கிறது, கொடுக்கமாட்டேன். "எக்கோரே, எக்கோரே, எக்கோரே!" மாட்டேன், மாட்டேன், மாட்டவே மாட்டேன். சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு எழுந்து போய்விட்டார். கவர்னர் கண்ணுக்கு இது அவமரியாதை. பேச வேண்டியதைப் பேசியாயிற்று, இனி உட்கார்ந்து என்ன செய்வது என்று கிங்கி நினைத்திருக்கலாம்.

ஏப்ரலில் அவர் கவர்னருக்கு எழுதிய கடிதம் இருக்கிறதே, அதுதான் எனக்கு இந்த மொத்தக் கதையில் பிடித்த காகிதம். நம் படுக்கையறையை விற்க நான் சம்மதிக்கமாட்டேன், வைத்தாராவைத்தான் சொல்கிறேன், இந்தப் படுக்கை எங்கள் எல்லோருக்கும் சொந்தம், பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள் என்கிறார். ரகசியமாகப் பணம் கொடுத்தால் அதற்கு நிலம் கிடைக்காது என்றும் எழுதுகிறார். ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து உறவு முழுக்கத் தூங்கும் ஜனங்களுக்குப் படுக்கை என்பது எவ்வளவு சரியான சொல்! நடுவில் படுத்திருப்பவன் தன் பாயை வெளியாளுக்கு விற்றால் வெளியாள் வந்து நடுவில்தான் படுப்பான்.

இதில் என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயம் உண்டு. பெக்கப்பெக்காவுக்கு உள்ளேயே கிங்கியின் ஆட்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள், பயிர் வைத்திருந்தார்கள். கவர்னர் போட்ட விதிப்படியே, "இந்த நிலத்தில் எனக்குப் பங்கு உண்டு, இதோ என் வீடு, இதோ என் கிழங்குத் தோட்டம்" என்று கிங்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விற்பனை நின்றிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை. பாரிஸ் நேருக்கு நேர் கேட்டபோதும் சொல்லவில்லை. பலர் இதை அவர் செய்த பெரிய தவறு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் பங்கு இது என்று அவர் வாயால் சொன்ன நிமிடமே, மிச்சப் பங்கை மற்றவர்கள் விற்கலாம் என்று ஆகிவிடும். தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு ஊரை விட்டுக்கொடுத்த மாதிரி. அவர் தலைவராக நின்று பதில் சொன்னார், எதிரே இருந்தவர் அவரை வெறும் பாத்தியதைக்காரர் என்று நினைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நவம்பர் கூட்டத்திலேயே தெய்ராவுக்கு 100 பவுண்டு முன்பணம் கொடுத்தாயிற்று.

1860 பிப்ரவரி 20. நில அளவையாளர்கள் சங்கிலியோடு வந்தார்கள். கிங்கி துப்பாக்கிக்காரர்களை அனுப்பவில்லை. பெண்கள் வந்தார்கள், அதிலும் பெரும்பாலும் வயதானவர்கள். சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள், அளப்பவர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், வேலை நின்றது. யாருக்கும் காயமில்லை. இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசைந்தும் விட்டது, ஏனென்றால் இதைத்தான் ஆட்சிக்கு எதிரான கலகம் என்று எழுதினார்கள். படைத் தளபதி விளக்கம் கேட்டபோது கிங்கி எழுதிய பதில் நிதானமானது. நாங்கள் ராணிக்கு எதிராக எழவில்லை, தகராறுள்ள நிலத்தை வாங்கமாட்டேன் என்று சொன்னவர் கவர்னர், ஒரு ஆள் மட்டும் விற்பது சரியில்லை, எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்று சொன்னவரும் கவர்னர், நல்ல சட்டத்தை விட்டுவிட்டுக் கெட்ட சட்டத்தைப் பிடித்திருப்பது நீங்கள், எனக்குத் தீமை செய்ய விருப்பமில்லை என்கிற தொனியில்.

இரண்டு நாளில் ராணுவச் சட்டம் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பின் மாவோரி மொழிபெயர்ப்பில் ராணுவச் சட்டம் என்பது சண்டைச் சட்டம் என்று வந்துவிட்டது, சண்டைச் சட்டம் இன்றிலிருந்து தொடங்குகிறது என்று படித்தால் எவரும் போர்ப் பிரகடனம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

போரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தனியாக எவ்வளவோ இருக்கிறது. அளவை முடிந்த நிலத்தின் ஒரு மூலையில் ஒரே இரவில் தே கோஹியா என்ற சின்ன அரணைக் கட்டினார்கள், நம் 'ட' எழுத்தைப் போல வளைந்த அகழி. மார்ச் 17 அன்று பீரங்கியால் நாள் முழுக்க அடித்தார்கள். மறுநாள் காலை உள்ளே போய்ப் பார்த்தால் ஆளே இல்லை, ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார்கள். காலியான மரவேலியைப் பிடிக்கவா இத்தனை குண்டு என்று ஆகிவிட்டது. ஜூனில் புக்கேத்தக்காவேரே என்ற இடத்தில் ஆங்கிலப் படை மோசமாகத் தோற்றது, ஏறக்குறைய 350 பேர் போய் 30 பேர் செத்தார்கள். களத்தில் திட்டம் போட்டது ஹாப்புரோனா என்ற போர்த்தலைவர், கிங்கி வயதானவர், அவர் வேலை வேறு. வடக்கே இருந்து மாவோரி ராஜ இயக்கத்தை (மாவோரிகளுக்கென்று ஒரு ராஜாவை வைத்த இயக்கம்) சேர்ந்தவர்கள், ஒரு காலத்தில் இவர்களைத் துரத்திய அதே வைக்காட்டோ பக்கத்து ஆட்கள், இப்போது உதவிக்கு வந்தார்கள். கிங்கியின் "மாட்டேன்" எவ்வளவு தூரம் கேட்டது என்பதற்கு இதைவிட வேறு அளவு எனக்குத் தெரியவில்லை.

குடியேறிகளுக்கு என்ன கிடைத்தது? பண்ணை வீடுகள் எரிந்தன, எல்லோரும் நியூ பிளிமத்துக்குள் அடைந்து கிடந்தார்கள், நோய் பரவியது, பெண்களையும் குழந்தைகளையும் கப்பலேற்றி நெல்சனுக்கு அனுப்பினார்கள். 600 ஏக்கருக்கு ஆசைப்பட்டு இருந்ததும் போயிற்று. 1861 மார்ச்சில் ராஜ இயக்கத்தின் விரேமு தாமிஹானா வந்து சமாதானம் பேசிச் சண்டை நின்றது. யாரும் ஜெயிக்கவில்லை. கிங்கி வைக்காட்டோவுக்குப் போய்விட்டார்.

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னாள் தலைமை நீதிபதி வில்லியம் மார்ட்டின், மாவோரி நில உரிமை எப்படிப்பட்டது, கிங்கி ஏன் சரி என்று விளக்கிப் புத்தகமே போட்டார். பாதிரியார் ஆக்டேவியஸ் ஹாட்ஃபீல்ட், வைக்கனாய் காலத்திலிருந்தே கிங்கியை அறிந்தவர், ஓயாமல் எழுதினார். துரோகி என்று அவரைத் திட்டினார்கள்.

இப்போது கதை ஒரு விசித்திரமான வளைவு எடுக்கிறது. 1861ல் ஜார்ஜ் கிரே மறுபடி கவர்னராக வந்தார். பழைய காகிதங்களைக் கிளறினார். விற்ற நிலத்துக்குள்ளேயே கிங்கியின் ஆட்கள் குடியிருந்தார்கள், அவர்களை விரட்டித்தான் நிலத்தை எடுத்தோம், இந்த வாங்கலே செல்லாது என்ற முடிவுக்கு வந்தார். 1863 மே மாதம் அரசு வைத்தாராவைக் கைவிடுவதாக அறிவித்தது.

நல்லது தானே? இல்லை. அந்த அறிவிப்புக்கு முன்பே, ஏப்ரலில், போரின்போது மாவோரிகள் கைப்பற்றி வைத்திருந்த தட்டராய்மாக்கா என்ற இன்னொரு நிலத்தில் கிரே படையைக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த நிலத்தைப் பதிலுக்குப் பிடித்து வைத்திருந்தார்கள், வைத்தாராவைக் கொடு, இதை எடுத்துக்கொள் என்று. முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் எடுத்திருந்தால் வேறு கதை. வரிசை மாறிப்போனது. மே 4 அன்று ஓஆக்கூராவில் மாவோரிகள் பதுங்கியிருந்து தாக்கிப் படையினர் ஒன்பது பேரைக் கொன்றார்கள். வைத்தாராவைத் திரும்பக் கொடுக்கும் அறிவிப்பு வந்தது மே 11. ஒரு வாரம்! இந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பெரிய மூளை என்று பேரெடுத்த கிரேவுக்கு இது தோன்றவில்லையா, அல்லது தோன்றியும் வேண்டாம் என்று விட்டாரா?

மறுபடி போர். அதே 1863ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், கலகம் செய்தவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து குடியேறிகளுக்குக் கொடுக்கலாம் என்று. 1865ல் தாரானாக்கியில் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கரைப் பறிமுதல் செய்ததாக அறிவித்தார்கள். அதற்குள்ளே வைத்தாராவும் இருந்தது. அதாவது, வாங்கியது தப்பு என்று ஒத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்த நிலத்தை, அந்தத் தப்பினால் மூண்ட சண்டைக்குத் தண்டனையாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், இந்த முறை பணமே கொடுக்காமல். ஊருக்கு ராலே என்று வால்டர் ராலே என்ற பழைய ஆங்கிலக் கடலோடியின் பேரையும் வைத்தார்கள், 1904 வரை அந்தப் பேர்தான்.

கிங்கி உள்நாட்டுக் காட்டுப் பக்கம் ஒதுங்கி வாழ்ந்தார். 1872ல் நியூ பிளிமத்துக்கு வந்து அரசோடு சமாதானம் செய்துகொண்டார். 1882 ஜனவரி 13 அன்று இறந்தார், பரிஹாக்காவுக்குள் படை நுழைந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தி அவர் காதுக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கைகட்டி உட்கார்ந்தாலும் பறிப்பார்கள், சண்டை போட்டாலும் பறிப்பார்கள். சங்கிலியைப் பிடித்து இழுத்த அந்தக் கிழவிகளின் வேலையைத்தான் பரிஹாக்காக்காரர்கள் 1879ல் ஏர் கொண்டுபோய், குடியேறிகளின் வயலில் உழுது, சத்தமில்லாமல் கைதாகிச் செய்தார்கள். அகிம்சைப் போராட்டம் என்று சொன்னால் எல்லோரும் தே வித்தியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், நான் அந்தக் கிழவிகளிலிருந்து ஆரம்பிப்பேன்.

தீர்ப்பு வர ரொம்ப நாளாயிற்று. 1927ல் சிம் ஆணையம், இரண்டு தாரானாக்கிப் போர்களுக்கும் வேர் வைத்தாரா வாங்கல்தான், அதற்காகப் போர் தொடுத்தது அரசின் தவறு என்று எழுதியது. நஷ்டஈடாக ஆண்டுக்கு 5,000 பவுண்டு பரிந்துரைத்தது, அவ்வளவு நிலத்துக்கு அது என்ன தொகை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அந்த விசாரணை வரக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் மாவோரி அமைச்சர் மாவுயி போமாரே, அவர் சிலை இன்று வைத்தாராவில் ஓவாய் மராயேயில் (மராயே என்றால் மாவோரிகள் கூடும் பொது இடம்) நிற்கிறது, கிங்கி பிறந்த மானுக்கோரிஹி பா இருந்த அதே மேட்டில்.

பெக்கப்பெக்கா நிலத்தில் பெரும்பகுதி பின்னாளில் துறைமுக வாரியத்துக்கும் நகராட்சிக்கும் போய், அவர்கள் அதைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டு, ஜனங்கள் வீடு கட்டி, தலைமுறை தலைமுறையாக மண்வாடகை கட்டிக்கொண்டு வந்தார்கள். வீடு ஒருவருடையது, மண் நகராட்சியுடையது, நகராட்சிக்கு அது எப்படி வந்தது என்பது மேலே சொன்ன கதை. 2014ல் தே ஆத்தி அவாவும் அரசும் 8 கோடியே 70 லட்சம் டாலருக்கு இழப்பீட்டு ஒப்பந்தம் செய்தபோது இந்த நிலத்துக்கும் ஒரு வழி சொன்னார்கள். இழப்பீடாக வரும் பணத்திலிருந்து நீங்களே விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று.

குலத்தார் மாட்டோம் என்றார்கள்.

2018ல் இந்த நிலத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. குத்தகைக்காரர்கள் தங்கள் மனையைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம், அந்த விற்பனைப் பணத்தில் ஒரு பகுதி மானுக்கோரிஹி, ஓட்டாராவா ஹாப்பூக்களுக்கு, வைத்தாராவில் நிலம் திரும்ப வாங்குவதற்கும் ஆற்றைச் சீர்படுத்துவதற்கும் என்று ஏற்பாடு. படகு இன்னும் கரைக்கும் கடலுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.